மாற்றியது ஏறவில்லை: பழைய டெஸ்க்டாப்பில் ஜிசிசி அமைத்த விவரம்

அக்கா மகள் பிசிஏ படிக்கிறாள். வீட்டில் சி புரோகிராம் எழுதிப் பார்க்க ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். புது லேப்டாப் வாங்கும் நிலைமை இல்லை. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒரு பழைய டெஸ்க்டாப் எடுத்து, டெபியன் லினக்ஸ் போட்டு, ஜிசிசி கம்பைலர் (எழுதிய சி புரோகிராமை ஓடும் வடிவத்துக்கு மாற்றுவது), டீபக்கர் (பிழை தேட உதவுவது), எடிட்டர் எல்லாம் ஏற்றி, ஸ்ரீராமபுரத்தில் அக்கா வீட்டில் வைத்தாகிவிட்டது. இப்போது ஒழுங்காக ஓடுகிறது. நடுவில் வந்த ஒரு கோளாறுதான் ஆளை அலைக்கழித்தது. அதன் வேர் கம்பைலரிலும் இல்லை, லினக்ஸிலும் இல்லை. இதே வேலையைச் செய்யப்போகிறவர்களுக்கு உதவும் என்று நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் பெட்டி. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களை விண்டோஸ் 11 பொதுவாக ஏற்பதில்லை. அதனால் அலுவலகங்கள் கழித்துக்கட்டிய பெட்டிகள் எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் சுவரோரமாக அடுக்கிக் கிடக்கின்றன. விண்டோஸுக்கு ஆகாதவை லினக்ஸுக்கு இன்னும் பல வருஷம் உழைக்கும். நான் எடுத்தது நான்காம் தலைமுறை ஐ3: இரண்டு கோர், நான்கு த்ரெட், 4 ஜிபி டிடிஆர்3 ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். கடைக்காரர் கன்னடத்தில் ஐயாயிரம் என்றார். நான் என் கன்னடத்தில் பேரம் ஆரம்பித்ததும் சிரித்துக்கொண்டே தமிழுக்கு மாறி, 4,200-க்குக் கொடுத்தார். 19 அங்குல மானிட்டர் 1,800. கீபோர்டும் மவுஸும் சேர்த்து 600, அது மட்டும் புதிது.

அல்சூரில் என் வீட்டில் வைத்துத்தான் எல்லா வேலையும் செய்தேன். மூடியைத் திறந்து தூசி ஊதி, பிராசஸர் மேல் காய்ந்து கிடந்த பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவினேன். ஹார்ட் டிஸ்க்கை, டிஸ்க்கின் நிலையைச் சொல்லும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் வைத்துப் பார்த்ததில் கெட்டுப்போய் மாற்றி ஒதுக்கிய செக்டர்கள் ஏற்கனவே இருந்தன. அதைக் கழற்றிவிட்டு 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று, 1,900 ரூபாய். பழைய பெட்டியில் ஒரே ஒரு பொருளுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் அது எஸ்எஸ்டிக்குத்தான் போக வேண்டும், ராமுக்குக்கூட அப்புறம்தான்.

டெபியனின் 13-ஆம் பதிப்பு, ட்ரிக்ஸி, 2025 ஆகஸ்டில் வந்தது. அதன் சின்ன இன்ஸ்டாலரைப் பென்டிரைவில் எழுதி, போனை யூஎஸ்பியில் செருகி, அதன் நெட்டைப் பெட்டிக்குப் பகிரும் டெதரிங் போட்டேன். வைஃபை டாங்கிளுக்கு டிரைவர் தேடி அலைவதைவிட இது சுலபம். செருகியதும் நெட்வொர்க்காகத் தெரிந்துவிடுகிறது. டெஸ்க்டாப்புக்கு எக்ஸ்எஃப்சிஇ. இன்ஸ்டாலர் ரூட் (நிர்வாகி) பாஸ்வேர்டு கேட்கும் இடத்தைக் காலியாக விட்டுவிட வேண்டும். அப்போதுதான் நாம் உருவாக்கும் பயனருக்கு சூடோ உரிமை, அதாவது நிர்வாகியாகக் கட்டளை ஓட்டும் உரிமை, தானாகக் கிடைக்கும். அங்கே எதையாவது அடித்துவிட்டால், பிறகு சூடோ போடும்போது உங்கள் பெயர் பட்டியலில் இல்லை என்று வரும். ரூட்டாக உள்ளே போய்ச் சேர்க்க வேண்டியிருக்கும்.

ட்ரிக்ஸியோடு வருவது ஜிசிசி 14.2. ஆனால் 15 வெளிவந்துவிட்டது, அதில் சி மொழியின் புதிய தரமான சி23தான் இயல்பு. அதைச் சோர்ஸிலிருந்து (மூல நிரலிலிருந்து) நாமே கட்டிப் பார்க்கலாம் என்று இறங்கினேன். அதற்குத் தேவையான கணித லைப்ரரிகள் ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி மூன்றின் டெவலப்மென்ட் தொகுப்புகளையும் ஏற்றிவிட்டு, வழக்கம்போல தற்காலிகக் கோப்புகளுக்கான டிஎம்பி அடைவில் விரித்துக் கட்ட ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் இடமில்லை என்று நின்றது. 256 ஜிபியில் பெரும்பகுதி காலியாக இருக்கும்போது எப்படி? ட்ரிக்ஸியில் டிஎம்பி அடைவு டிஸ்க்கில் இல்லை, ராமில் இருக்கிறது. அதிகபட்சம் ராமில் பாதி. 4 ஜிபி பெட்டியில் அது 2 ஜிபிக்குக் குறைவு. ஹோம் அடைவுக்கு மாற்றி, நான்கு வேலை ஒரே சமயத்தில் ஓடும்படி மேக் (கோப்புகளைக் கம்பைல் செய்து புரோகிராமாகக் கட்டும் கருவி) கொடுத்தேன். இந்தத் தடவை சி++ கம்பைலர் கொல்லப்பட்டது என்ற வரியோடு நின்றது. மெமரி தீர்ந்துபோனால் கர்னல் ஏதாவது ஒன்றைக் கொன்றுதான் மற்றதைக் காப்பாற்றும், இங்கே பலியானது கம்பைலர். இரண்டாகக் குறைத்து, இன்னொரு 4 ஜிபி பழைய ராம் குச்சி 450 ரூபாய்க்கு வாங்கிப் போட்ட பிறகு முடிந்தது. ஆனால் நேரம் விழுங்குகிறது. ஜிசிசி தன்னைத்தானே மூன்று முறை கட்டும்: இருக்கிற கம்பைலரால் ஒரு தடவை, அப்படி வந்ததால் ஒரு தடவை, அதனால் மறுபடியும் ஒரு தடவை, பிறகு கடைசி இரண்டும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்கும். அந்த ஒழுக்கத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. முதல் வருஷப் பாடத்துக்கு மட்டும் அது தேவையே இல்லை. கட்டி முடித்ததை அழித்துவிட்டு 14.2-க்கே திரும்பினேன். அந்த வேலையில் மிஞ்சிய லாபம் கூடுதல் ராம்.

பில்ட்-எசென்ஷியல் என்ற ஒரே தொகுப்பு ஜிசிசி, ஜி++, மேக், சி லைப்ரரியின் ஹெடர் கோப்புகள் எல்லாவற்றையும் கொண்டுவந்துவிடுகிறது. அதோடு டீபக்கருக்கு ஜிடிபி, மெமரிப் பிழை தேட வால்கிரைண்ட், மாற்றங்களைப் பதிந்துவைக்க கிட், எடிட்டருக்கு ஜீனி. மேன்பேஜஸ்-டெவ் என்பதையும் மறக்காமல் போட வேண்டும். அக்கா வீட்டில் எப்போதும் நெட் கிடையாது. அக்காவின் போன் வீட்டில் இருக்கும் மாலைகளில்தான். பிரின்ட்எஃப்புக்கோ எஸ்கேன்எஃப்புக்கோ என்ன கொடுக்க வேண்டும் என்று பார்க்க இந்த மேனுவல் பக்கங்கள் போதும். பைத்தான் 3.13 ஏற்கனவே இருந்தது. அதில் நேரடியாக பிப் (பைத்தான் தொகுப்புகளை ஏற்றும் கருவி) போட்டால், இந்தப் பைத்தானை டெபியன் பராமரிக்கிறது, கை வைக்காதே என்று மறுத்துவிடும். வென்வ் தொகுப்பை ஏற்றி, தனிச் சூழல் ஒன்றை உருவாக்கி, அதற்குள் பிப் போடுவதுதான் வழி. ஜாவா அடுத்த செமஸ்டரில்தான். டிஃபால்ட்-ஜேடிகே போட்டால் ஓபன்ஜேடிகே 21 வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஜீனியில் கொஞ்ச நேரம் செலவழித்தேன், இந்த வேலையில் முக்கியமான பகுதி இதுதான் என்பது என் எண்ணம். எஃப்9 அழுத்தினால் எந்தக் கட்டளை ஓட வேண்டும் என்பதை பில்ட் மெனுவில் நாமே எழுதலாம். அங்கே எச்சரிக்கைகள் எல்லாம் காட்டும்படி டபிள்யூ-ஆல், டபிள்யூ-எக்ஸ்ட்ரா, டீபக்கருக்காக ஜி, கடைசியில் கணித லைப்ரரிக்கு எல்எம், அதோடு புரோகிராம் ஓடும்போதே பிழையைப் பிடிக்கும் அட்ரஸ், அன்டிஃபைன்ட் என்ற இரண்டு சானிடைசர்கள். இந்தச் சானிடைசர்கள் இருந்தால், வரிசையின் எல்லையைத் தாண்டி எழுதும் புரோகிராம் ஏதோ ஒரு குப்பை எண்ணைக் காட்டிவிட்டுப் போகாது. எந்தக் கோப்பில் எந்த வரியில் தாண்டியது என்று சொல்லிவிட்டு நிற்கும். கற்றுக்கொள்பவளுக்கு அந்த வரி எண் எவ்வளவு பெரிய உதவி என்பது, சும்மா செக்மென்டேஷன் ஃபால்ட் என்ற இரண்டு வார்த்தையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

பெட்டியை ஆட்டோவில் ஏற்றி ஸ்ரீராமபுரம் கொண்டுபோய் வைத்தேன். மதிப்பெண் பட்டியல் போடும் மூன்று கோப்பு புரோகிராம் ஒன்று அவளுக்கு மினி புராஜெக்ட். மேக் எப்படி வேலை செய்கிறது என்று காட்ட, என் லேப்டாப்பில் அதற்கு ஒரு மேக்ஃபைல் (எதை எப்படிக் கட்ட வேண்டும் என்று மேக்குக்குச் சொல்லும் கோப்பு) எழுதி, ஒரு தடவை கட்டி ஓட்டியும் பார்த்துவிட்டு, அந்த அடைவை அப்படியே பென்டிரைவில் கொடுத்திருந்தேன்.

மறுநாள் இரவு போன். "மாமா, மாத்தினது ஏறவே மாட்டேங்குது. நான் என்ன திருத்தினாலும் பழசுதான் வருது."

"சேவ் பண்ணியா?"

"பண்ணிட்டேன் மாமா. ஜீனியை மூடிட்டுத் திறந்தா என் திருத்தம் அப்படியே இருக்கு. ஓட்டினா மட்டும் பழசு."

போனிலேயே ஒவ்வொன்றாகக் கேட்டேன். சரியான அடைவில்தான் இருக்கிறாள். வேறு எங்காவது அதே பெயரில் இன்னொரு புரோகிராம் ஓடுகிறதோ என்று சந்தேகம் வந்தது. இந்தச் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு: முந்தின நாள் டெஸ்ட் என்று ஒரு புரோகிராமுக்குப் பெயர் வைத்து, டெர்மினலில் டெஸ்ட் என்று மட்டும் அடித்து, எதுவுமே வரவில்லை என்று குழம்பியிருந்தாள். அந்தப் பெயரில் ஷெல்லுக்கே ஒரு உள்கட்டளை உண்டு, அதுதான் சத்தமில்லாமல் ஓடி முடிந்திருந்தது. முன்னால் புள்ளியும் சாய்கோடும் போட்டால்தான் நம்முடையது ஓடும். இந்தத் தடவை அதைச் சரியாகவே செய்திருந்தாள். நெட்டைப் போட்டு ஏதாவது அப்டேட் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். போனைச் செருகினாள், அப்டேட் பெரிதாக ஒன்றுமில்லை. திரும்ப ஒரு திருத்தம் செய்து மேக் போட்டாள். ஏறிவிட்டது! நெட் இருந்தால் கம்பைல் ஆகிறது, இல்லாவிட்டால் ஆகவில்லை. ஜிசிசிக்கும் நெட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எனக்குத் தூக்கம் போயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன். அவள் பெட்டியை ஆன் செய்தபோது, கறுப்புத் திரையில் ஏதோ இரண்டு வரி வந்து நின்றது. அவள் கை தானாக எஃப்1-ஐ அழுத்தியது.

"இது என்ன?"

"எப்பவும் கேக்கும் மாமா. எஃப்1 அழுத்தினா போயிடும்."

மறுபடி ஆஃப் செய்து, சுவர் ஸ்விட்சையும் அணைத்து, திரும்பப் போட்டுப் பார்த்தேன். கடிகார நேரம் அமைக்கப்படவில்லை, தொடர எஃப்1 அழுத்தவும் என்பதுதான் அந்த வரி. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி செத்துவிட்டது. என் வீட்டில் இது ஏன் தெரியவில்லை என்றால், நான் பெட்டியை ஷட்டவுன் செய்வேனே தவிர பிளக்கைப் பிடுங்கியதில்லை. பிளக்கில் இருக்கும்வரை ஸ்டாண்ட்பை மின்சாரத்திலேயே கடிகாரம் ஓடும், பேட்டரியின் தயவு வேண்டாம். அக்கா வீட்டில் வேலை முடிந்ததும் சுவர் ஸ்விட்சை அணைப்பது வழக்கம். அணைத்த நொடியே கடிகாரம் நின்றுவிடுகிறது.

அப்படியானால் திரையின் மூலையில் பத்து வருஷம் பழைய தேதி தெரிந்திருக்க வேண்டுமே, யார் கண்ணிலாவது பட்டிருக்குமே? படாததற்கும் காரணம் இருக்கிறது. லினக்ஸின் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் நேர ஒத்திசைவுச் சேவை கடைசியாகத் தெரிந்த நேரத்தை டிஸ்க்கில் குறித்து வைத்துக்கொள்ளும். பூட் ஆகும்போது வன்பொருள் கடிகாரம் அதைவிடப் பின்தங்கியிருந்தால், குறித்து வைத்த நேரத்துக்குத் தள்ளிவிடும். ஆகவே திரையில் தெரிந்தது கடைசியாக அணைத்த நேரம். வியாழக்கிழமை அணைத்தால், சனிக்கிழமை ஆன் செய்யும்போதும் வியாழக்கிழமை. நம்பும்படியான தவறு. நெட் கிடைத்ததும் அதுவும் சரியாகிவிடும்.

இனி மேக் பக்கம். மேக்குக்குத் தெரிந்ததெல்லாம் கோப்புகளின் தேதிதான். சோர்ஸ் கோப்பு, கட்டி முடித்த புரோகிராமைவிடப் புதிதாக இருந்தால் கட்டும். இல்லாவிட்டால் எல்லாம் புதுப்பித்த நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடும். நான் பென்டிரைவில் கொடுத்த அடைவில், என் லேப்டாப்பில் கட்டிய புரோகிராமும், கட்டும்போது இடையில் உருவாகும் ஆப்ஜெக்ட் கோப்புகளும் சரியான தேதியோடு இருந்தன. ஃபைல் மேனேஜர் நகலெடுக்கும்போது அந்தத் தேதியை மாற்றாமல் வைத்திருந்தது. அவள் திருத்திய கோப்புக்கோ பின்தங்கிய கடிகாரத்தின் தேதி. மேக்கின் கண்ணுக்கு அவள் திருத்தம் புரோகிராமைவிடப் பழசு. பட்டியலைத் தேதியோடு எடுத்துப் பார்த்தபோது அப்படியே தெரிந்தது: புரோகிராமுக்குப் பிந்தைய தேதி, சற்று முன் சேமித்த சோர்ஸுக்கு அதைவிட முந்தைய தேதி.

மேக் இதைச் சொல்லாமலும் இல்லை. ஜீனியின் கீழ்ப் பலகத்தில், இந்தக் கோப்பின் நேரம் இத்தனை வினாடி எதிர்காலத்தில் இருக்கிறது, கடிகாரம் பிசகியிருக்கிறது, கட்டியது முழுமையாக இல்லாமல் போகலாம் என்று ஒவ்வொரு தடவையும் எழுதிக்கொண்டுதான் இருந்தது. அந்தப் பலகம் இரண்டு வரி உயரத்துக்குச் சுருங்கிக் கிடந்தது. அதை இழுத்துப் பெரிதாக்கி வைத்தேன்.

பேட்டரியைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தால் 0.8 வோல்ட். 3 இருக்க வேண்டும். தெருமுனை வாட்ச் கடையில் புதிது 40 ரூபாய், அது 3.2 காட்டியது. பழையதை எடுக்க, பக்கத்திலிருக்கும் சின்னக் கொக்கியை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் லேசாகத் தள்ளினால் போதும், தானே எழும்பி வரும். மேலிருந்து நெம்பினால் கொக்கி உடையும். பேட்டரி போட்ட பிறகு, பயாஸில் கைக்கடிகார நேரத்தை வைக்க வேண்டாம். விண்டோஸ் இல்லாமல் டெபியன் தனியாக இருக்கும்போது வன்பொருள் கடிகாரத்தை யூடிசி (உலகப் பொது) நேரமாக எடுத்துக்கொள்ளும். நம் நேரத்தை வைத்தால் ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடும். போனைச் செருகி நெட் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் கர்னலே வன்பொருள் கடிகாரத்தையும் சரிசெய்துவிடும். டைம்டேட்சிடிஎல் என்று அடித்துப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். அந்த அடைவில் மேக் கிளீன் போட்டு, முன்பு கட்டியதை அழித்துவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்டினோம். பிறகு வேண்டுமென்றே சுவர் ஸ்விட்சை அணைத்து, காபி குடித்துவிட்டு வந்து, நெட் இல்லாமல் ஆன் செய்து, ஒரு வரி திருத்தி மேக் போட்டாள். ஏறியது.

மிச்சமிருந்தது ரெக்கார்டு நோட்டு. கல்லூரி லேபில் இன்னமும் டாஸ் காலத்துக் கம்பைலரான டர்போ சி, பழைய டாஸைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸுக்குள். அங்கே எழுதிய புரோகிராம்கள் எல்லாவற்றிலும் கோனியோ ஹெடர், திரை துடைக்கும் சிஎல்ஆர்எஸ்சிஆர், ஒரு விசை அழுத்தும்வரை காத்திருக்கும் கெட்சிஎச். லினக்ஸில் அந்த ஹெடரே கிடையாது. அதை மட்டும் எடுத்துவிட்டுத் திரை துடைக்கும் வரியை விட்டுவைத்தால், பழைய ஜிசிசி எச்சரித்துவிட்டு மேலே போகும். 14-இலிருந்து, அறிவிக்காத ஃபங்ஷனை அழைப்பது பிழை, கம்பைல் ஆகாது. இதற்காகப் போலியாக ஒரு கோனியோ ஹெடர் எழுதிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மூன்று வரியை நீக்கி, மெயினுக்கு முன்னால் வாய்டு இருந்த இடத்தில் இன்ட் போட்டால் முடிந்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-இல் முதன்முதலாக வெளியிட்ட அந்தக் கம்பைலர் இன்றுவரை வளர்ந்துகொண்டு நம் கைக்கு இலவசமாக வரும்போது, பிள்ளைகள் அதன் முறையிலேயே எழுதிப் பழகட்டும்.

ஃபேக்டோரியல் புரோகிராமில் அவளே ஒன்றைப் பிடித்தாள். "லேப்ல எட்டு குடுத்தா மைனஸ் 25216 வந்துச்சு மாமா. மேடம் அதை அப்படியே எழுதிக்கச் சொன்னாங்க. இங்க 40320 வருது." டர்போ சியில் இன்ட் என்பது 16 பிட், 32767-க்கு மேல் தாங்காது. இங்கே 32 பிட். "சரி, இங்க எதுவரைக்கும் தாங்கும்னு பாரு" என்றேன். 12 வரை சரியாக வந்தது. 13 கொடுத்ததும் சானிடைசர் குறுக்கே வந்து, 479001600-ஐ 13-ஆல் பெருக்கினால் இன்ட்டுக்குள் அடங்காது என்று வரி எண்ணோடு எழுதியது. லேபில் யாரும் அவளுக்கு அதைச் சொல்லவில்லை, கம்பைலர் சொன்னது. லாங் லாங் போட்டு 20 வரை கொண்டுபோனாள்.

தமிழ் அடிக்க ஐபஸ்-எம்17என் போட்டு, தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்தேன். வணக்கம் என்று பிரின்ட்எஃப் கொடுத்தால் அப்படியே வருகிறது. அவளுக்கு ஆசை வந்து, சியில் நீளம் சொல்லும் எஸ்டிஆர்லென் போட்டு எத்தனை எழுத்து என்று கேட்டாள். 21 என்றது. பைத்தானில் லென் போட்டால் 7. நமக்கோ வ, ண, க், க, ம் என்று ஐந்துதான். எழுத்துகளைப் பைட்டாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். புள்ளி தனிக் குறியீடு, அதனால் க்-உம் ம்-உம் இரண்டிரண்டாகக் கணக்காகின்றன. ஆக ஏழு குறியீடு, ஏழு மூன்று இருபத்தொன்று. ஐந்து என்ற விடை வரும்படி சியில் ஒரு ஃபங்ஷன் எழுது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். புள்ளியையும் உயிர்க்குறிகளையும் எண்ணாமல் விட வேண்டும் என்பதுவரை அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

பேஸ்ட் என்னிடம் இருந்தது. மற்றபடி செலவு: பெட்டி 4,200, எஸ்எஸ்டி 1,900, மானிட்டர் 1,800, கீபோர்டும் மவுஸும் 600, ராம் 450, பேட்டரி 40. மொத்தம் 8,990 ரூபாய், ஆட்டோ தனி.

அவளுடைய தோழி ஒருத்தி ஓக்கலிபுரத்தில் இருக்கிறாள், அவளுக்கும் இதே மாதிரி ஒன்று வேண்டுமாம். அந்தப் பெட்டியை வாங்கியதும் முதல் வேலை பேட்டரியை மாற்றுவது. அடுத்து, ஒரு ராத்திரி முழுக்கப் பிளக்கைப் பிடுங்கிவைத்து, காலையில் நெட் இல்லாமல் ஆன் செய்து தேதியைப் பார்ப்பது. ராமை ஆரம்பத்திலேயே 8 ஜிபியாக வாங்குவது. ஜிசிசியைச் சோர்ஸிலிருந்து கட்டுவதில்லை. புராஜெக்ட் அடைவைக் கொடுக்கும்போது மேக் கிளீன் போட்டுவிட்டு, சோர்ஸை மட்டும் கொடுப்பது. எடிட்டரின் கீழ்ப் பலகத்தைத் திரையில் கால்வாசிக்கு இழுத்து வைத்து, அங்கே என்ன எழுதியிருந்தாலும் எனக்குப் போன் செய்வதற்கு முன் சத்தமாக ஒரு தடவை படிக்க வேண்டும் என்று இரண்டு பேரிடமும் சொல்லியிருக்கிறேன்.